கதீற்றரோடு வீட்டுக்கு வந்த அப்பா: கழரும் வரை என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நிலாவெளியில் இருக்கும் 72 வயது அப்பாவுக்குத் திடீரென்று சலம் (சிறுநீர்) போகவில்லை. வார்டில் கதீற்றர் போட்டார்கள். இரவில் போட ஒரு குளுசையும் கொடுத்து, இரண்டு கிழமை கழித்து கிளினிக்குக்கு வரச் சொல்லி, டியூபோடேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதீற்றர் போட்டால் கிட்னி போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். டியூபைச் சுற்றி சாரம் நனைகிறது. ஆடி அமாவாசைக்குக் கடலில் தலைமுழுகலாமா என்று அப்பா வேறு கேட்கிறார். கதீற்றர் என்றால் என்ன, எதற்குப் பயன்படும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது இது கழருமா, கழரும் வரை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். சேவையின் பெரும்பகுதி சத்திரசிகிச்சை வார்டுகளில் போனது. வைத்தியர் இல்லை, உங்கள் அப்பாவை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே குளுசையை நிறுத்துவது, டியூபை எப்போது கழற்றுவது போன்றவற்றை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுக் கதை. உடம்புக்குள் இருக்கும் ஒரு பைக்குள்ளோ இரத்தக் குழாய்க்குள்ளோ செலுத்தி, உள்ளே தேங்கியதை வெளியே எடுக்கவோ மருந்தை உள்ளே கொடுக்கவோ பயன்படும் மெல்லிய, வளையக்கூடிய குழாய்கள் எல்லாமே கதீற்றர்தான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நம் திருகோணமலை மாவட்டத்தில் பதவி சிறிபுரப் பக்கம் விவசாயக் குடும்பங்களில் சிறுநீரக நோய் நிறைய. அவர்களில் டயாலிசிஸ் (மெஷினால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்குகிறவர்களுக்குக் கழுத்தில் உள்ள பெரிய நாளத்துக்குள் ஒரு கதீற்றர் போடுவார்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைப்பது) செய்தாலும் அது ஊசி ஏற்றும் அளவுக்குத் தேறச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரை இரத்தத்தை மெஷினுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்க அதுதான் வழி. உங்கள் அயலவர் அப்படி யாரையாவது பார்த்திருப்பார். இதயத்துக்கு அஞ்சியோகிராம் செய்யும்போது மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ விடுவதும் ஒரு கதீற்றர்தான்; சோதனை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். 1929இல் ஜேர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன் சொந்தக் கை நாளத்தின் வழியாக ஒரு கதீற்றரைச் செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், அது இதயம் வரை போய்விட்டதைப் படம் எடுத்துக் காட்டினார். 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. துணிச்சல் என்பதா, பைத்தியம் என்பதா, தெரியவில்லை; இதய நோயாளிகளுக்கு நல்லதாகவே முடிந்தது.

உங்கள் அப்பாவுக்குப் போட்டிருப்பது இவற்றில் எதுவும் இல்லை. சலப்பைக்குள் போன டியூப். கிட்னி வேலை செய்து சலத்தை உண்டாக்குவதால்தான் பையில் சலம் வந்து சேருகிறது. வெளியே போகும் வழி அடைபட்டதுதான் பிரச்சினை. அந்த வயது ஆண்களில் பெரும்பாலும் காரணம் புரொஸ்டேட் சுரப்பி. சலப்பையின் வாயில், சலக்குழாயைச் சுற்றி இருக்கும் அது வயதோடு பெருத்து வழியை நெருக்கும். பல வருடம் மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டிருக்கும். இரவில் நாலு தரம் எழும்புவார், நின்று முக்குவார், யாரிடமும் சொல்ல மாட்டார். பிறகு தடிமனுக்கு பார்மசியில் வாங்கிய ஒரு குளுசை, நாலு நாள் மலச்சிக்கல், அல்லது சலத்தில் ஒரு கிருமித்தொற்று வந்து சேரும். அன்றைக்கு முழுதாக அடைத்துவிடும். தடிமன் மருந்துகள் சிலவும், நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்றவையும் இதைச் செய்யக்கூடியவை. அப்பா அப்படி ஏதும் போட்டாரா என்று யோசித்துப் பாருங்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். அடைப்பு நீண்ட நாள் கவனிக்கப்படாமல் இருந்தால் பின்னழுத்தத்தில் கிட்னி பாதிக்கப்படுவது உண்மை. அதனால்தான் வார்டில் இரத்தத்தில் கிரியட்டினின் பார்ப்பார்கள்; கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் கூடும் கழிவுப்பொருள் அது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் அந்த அளவு எழுதியிருக்கும். அயலவரின் பேச்சை விட அந்த எண்ணை நம்பலாம்.

டியூபைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள், பயம் குறையும். தொடைப் பக்கம் வெளியே தெரியும் முனை இரண்டாகப் பிரியும். ஒன்று பையோடு பொருத்தியிருக்கும். மற்றது குட்டையாக, நிற வளையத்தோடு ஒரு வால்வில் முடியும். செம்மஞ்சள் வளையம் என்றால் 16ஆம் அளவு, பச்சை என்றால் 14, சிவப்பு என்றால் 18. அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் குழாயின் வெளிவிட்டம். 16 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் குட்டை வாய் வழியாகத்தான் உள்ளே முனையில் இருக்கும் சின்னப் பலூனுக்குத் தண்ணீர் ஏற்றுவது, வழக்கமாக 10 மில்லிலிட்டர் அளவில். 1930களில் அமெரிக்க வைத்தியர் ஃபிரெடரிக் ஃபோலி உருவாக்கிய வடிவம் இது. இன்றும் ஃபோலி கதீற்றர் என்றே சொல்கிறோம். பலூன் சலப்பைக்குள் விரிந்து நிற்பதால் டியூப் வழுகி வெளியே வராது. தையல் எதுவும் இல்லை. கழற்றும்போது சிரிஞ்சால் அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் சில விநாடியில் டியூப் வந்துவிடும். தண்ணீரை எடுக்காமல் இழுத்தால், விரிந்த பலூன் சலக்குழாயைக் கிழித்துக்கொண்டு வரும். ஆண்களுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு 4 தான். பெரிய சேதம் ஆண்களுக்குத்தான். இரவில் தடுமாற்றம் உள்ள முதியவர்கள் டியூபைப் பிடித்து இழுத்து, இரத்தத்தோடு வார்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோலால் டியூபை வெட்டினால் பலூன் தானாகச் சுருங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சுருங்காமலும் போகலாம், மிச்சத் துண்டு உள்ளே வழுகிப் போகவும் கூடும். வீட்டில் யாரும் அதில் கை வைக்க வேண்டாம்.

வீட்டுப் பராமரிப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாத சில விடயங்கள் உண்டு. பை எப்போதும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. சலம் கீழ்நோக்கி மட்டும் ஓட வேண்டும். பையில் தேங்கியது திரும்ப உள்ளே போனால் கிருமியும் கூடப் போகும். மூதூரில் இருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா பஸ்ஸில் இடம் இல்லாமல் நின்று, பையை மேலே கைப்பிடிக் கம்பியில் கொழுவிக்கொண்டு வந்தார். யாரும் மிதித்துவிடக் கூடாது என்ற பயம். வந்து சேரும்போது அடிவயிறு வீங்கி வியர்த்துக் கொட்டியது. பையை இறக்கியதும் சலம் சரசரவென்று இறங்கியது. ஓட்டோவில் போவதே நல்லது. பஸ் என்றால் இருக்கையில் இருத்தி, பையை முழங்காலுக்குக் கீழே வையுங்கள். காலில் கட்டும் சின்னப் பை பார்மசியில் கிடைத்தால் வெளியே போகும் நாட்களுக்கு இன்னும் வசதி. டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவையுங்கள், கொஞ்சம் தளர்வு விட்டு. அவர் திரும்பிப் படுக்கும்போது பலூன் இழுபடாமல் இருக்க. பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கீழ்வாயைத் திறந்து வெளியேற்றுங்கள், முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அதற்கென்று ஒரு தனிப் பாத்திரம் வைத்து. டியூபும் பையும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் பிரிக்க வேண்டாம். கிருமி நுழைய நேர்வழி அது. பையை எப்போது மாற்றுவது என்பதை வார்டில் சொன்னபடி செய்யுங்கள். பொதுவாகக் கிழமைக்கு ஒருமுறை, அழுக்கானாலோ கசிந்தாலோ அதற்கு முன்னரே.

சுத்தம் செய்யச் சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும், நாளுக்கு ஒருமுறை, மலம் போனால் அதன் பிறகும். டியூப் உள்ளே போகும் இடத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் கழுவி, உலரத் துடைக்க வேண்டும். டெட்டோல் ஊற்றுவது, பவுடர் பூசுவது இரண்டும் தோலைப் புண்ணாக்கும். இன்னொன்றை வார்டில் அவசரத்தில் சொல்ல மறந்துவிடுவார்கள்: முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக் கழுவினால், முடிந்ததும் கட்டாயம் முன்னுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். பின்னாலேயே விட்டால் வளையம் போல் இறுகி வீங்கிவிடும், பிறகு அதற்கு ஒருமுறை அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். அப்பா மகளிடம் இதைப் பேச வெட்கப்படுவார். தம்பியோ மருமகனோ இருந்தால் அவரிடம் இந்தப் பகுதியை வாசிக்கக் கொடுங்கள்.

சாரம் நனைவதற்கு வருவோம். பலரும் இதைக் கண்டு டியூப் பழுது, அல்லது சின்ன டியூப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. உள்ளே இருக்கும் பலூன் சலப்பையின் சுவரை உறுத்துகிறது. சலப்பை சுருங்கித் தள்ளுகிறது. சலம் டியூபின் உள்ளே போகாமல் பக்கத்தால் பீறிடுகிறது. அந்த நேரத்தில் அடிவயிற்றில் ஒரு பிடிப்பும், சலம் அவசரமாக வருவது போன்ற உணர்வும் வரும். முதல் சில நாட்களில் இது சகஜம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பைக்குள் சலம் வருகிறதா? வருகிறது, பக்கத்தாலும் கொஞ்சம் நனைகிறது என்றால் அவசரம் இல்லை. டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா, அவர் அதன் மேல் படுத்திருக்கிறாரா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்த மலக்குடல் சலப்பையை அழுத்தும். மலம் போனதும் கசிவும் நின்றதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அதனால் கீரை, பப்பாளி, தண்ணீர். தொடர்ந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், பிடிப்பைக் குறைக்க மருந்து இருக்கிறது. பெரிய டியூப் போட்டுத் தரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். உறுத்தல் கூடிக் கசிவும் கூடலாம். பையில் ஒன்றுமே வராமல் பக்கத்தால் மட்டும் நனைகிறது என்றால் அது அடைப்பு; அன்றே காட்ட வேண்டும்.

தண்ணீர் விடயத்தில் நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் குடித்தது எல்லாம் வியர்வையாகவே போய்விடும். சலம் கடும் மஞ்சளாகி, வண்டல் கட்டி, டியூப் அடைக்கும். இதயத்துக்கோ கிட்னிக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்காவிட்டால், சலம் வெளிர் மஞ்சளாக வரும் அளவுக்குக் குடிக்கக் கொடுங்கள். கிரியட்டினின் கூடுதலாக இருந்தால் இளநீரை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம். சலம் பையில் கலங்கலாகத் தெரிந்தாலோ மணத்தாலோ பதற வேண்டாம். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றில் இருந்து ஏழு வரை கூடிக்கொண்டே போகும். ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருடைய சலத்திலும் கிருமி இருக்கும். அது அங்கே குடியிருப்பது வேறு, வருத்தம் உண்டாக்குவது வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு நோவு, புதிதாக வந்த தடுமாற்றம் எதுவும் இல்லாமல், ஒரு தனியார் லேபில் பையில் இருந்து எடுத்த சலத்தைக் கொடுத்து கிருமி என்று ரிப்போர்ட் வந்ததும் அன்டிபயோட்டிக் தொடங்குவதால் நன்மை இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்து வைப்பதுதான் மிச்சம். பையில் தேங்கிய சலம் பரிசோதனைக்கே உதவாது. தேவை வந்தால் வைத்தியசாலையில் முறைப்படி எடுப்பார்கள்.

நிச்சயமில்லாதவை என்று சில இருக்கின்றன, அவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கழற்றுவதற்கு முன் டியூபை மூன்று மணித்தியாலம் கட்டி வைத்து, பிறகு திறந்து சலப்பைக்குப் பயிற்சி கொடுப்பது எங்கள் காலத்தில் வார்டுகளில் சாதாரணம். சில நாட்களே டியூப் வைத்தவர்களுக்கு அதனால் பயன் இருப்பதாகப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டவில்லை. உங்களிடம் யாராவது வீட்டில் கட்டிப் பழகச் சொன்னால் வைத்தியரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். திறக்க மறந்தால் ஆபத்து. தினமும் சலப்பையைக் கழுவி விட்டால் கிருமி வராது என்பதும் நிரூபணமாகவில்லை. வெள்ளி பூசிய விலைகூடிய டியூப் கிருமியைத் தடுக்கும் என்று விற்றார்கள். 2012இல் வெளிவந்த பெரிய பிரித்தானிய ஆய்வு ஒன்று, கொஞ்ச நாளைக்குப் போடும் டியூபுகளில் அதற்குச் சொல்லும்படியான பலன் இல்லை என்றது. நெருஞ்சில் அவித்த தண்ணீரை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். டியூப் உள்ளவர்களுக்கு அது உதவுகிறது என்று நம்பும்படி எதையும் நான் கண்டதில்லை. கிரியட்டினின் கூடியவருக்கு அதைக் கொடுக்கவே மாட்டேன்.

குளிப்பு: வாளித் தண்ணீரில், குழாயடியில் தாராளமாகக் குளிக்கலாம், பையைக் கழற்றாமல். கடலில் இறங்கி முழுகுவது, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் போய் ஊற்றுவது இரண்டும் இப்போது வேண்டாம். மணலும் அழுக்கு நீரும் டியூப் வாயில் சேரும், அலை பையை இழுத்தால் பலூன் கிழிக்கும். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தத்தை ஒரு செம்பில் எடுத்து வந்து தலையில் தெளித்தால் பிதிர்கள் கோபிக்கப் போவதில்லை. கிண்ணியாப் பக்கத்தில் இருந்து வரும் முதியவர்கள் இதே போல் தொழுகை பற்றிக் கேட்பார்கள். இப்படிப்பட்ட உடல்நிலைக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. பள்ளியில் மௌலவியிடம் கேட்டால் முறையைச் சொல்வார்.

சரி, கழருமா? பலருக்குக் கழரும். இரவில் போடும் அந்தக் குளுசை பெரும்பாலும் டாம்சுலோசினாக இருக்கும், கார்டில் பாருங்கள். அது புரொஸ்டேட்டிலும் சலப்பையின் வாயிலும் உள்ள தசையைத் தளர்த்தி வழி விடும். எழும்பும்போது தலை சுற்றலாம், அதனால் இருந்து எழும்பச் சொல்லுங்கள். கிளினிக் நாளில் காலையில் டியூபை எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, சலம் தானாகப் போகிறதா, போனபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அன்றைக்கு முழு நாளும் ஒதுக்கி வையுங்கள். புரொஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையைத் தனியாரில் முந்திச் செய்துகொண்டு போக வேண்டாம். அடைத்து டியூப் போட்ட கையோடு செய்தால் அந்த எண் வீணாக உயர்ந்து புற்றுநோய்ப் பயத்தைக் கிளப்பும். முதல் தரம் சலம் போகாவிட்டால் டியூபைத் திரும்பப் போட்டு இன்னொரு நாள் முயல்வார்கள், அல்லது சலக்குழாய் வழியாகவே புரொஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அடிவயிற்றுத் தோல் வழியாக நேரே சலப்பைக்கு டியூப் வைக்கலாம். அல்லது நாளுக்குச் சில தரம் தாங்களே ஒரு மெல்லிய டியூபை விட்டுச் சலத்தை எடுத்துவிட்டுக் கழற்றிவிடலாம். இந்த இரண்டாவது முறையை 1972இல் அமெரிக்காவில் ஜாக் லாப்பிடிஸ் என்ற வைத்தியர் பரப்பினார். சுத்தமான கையும் கழுவிய டியூபும் போதும் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு வீல்சேரில் வாழும் எங்கள் பிள்ளைகள் பலருடைய கிட்னியைக் காப்பாற்றிக் கொடுப்பது இந்த முறைதான். எந்த வழி என்றாலும் கிளினிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள்: டியூப் இன்னும் ஏன் தேவை, அடுத்து எப்போது மாற்றுவது அல்லது எடுப்பது. பதிலைக் கார்டில் எழுதி வாங்குங்கள். சாதாரண லேடெக்ஸ் டியூப் என்றால் நாலு கிழமைக்கு மேல் விடக் கூடாது; முழு சிலிக்கன் என்றால் 12 கிழமை வரை தாங்கும். திகதி தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்த டியூப்கள் உப்புப் படிந்து கல்லாகி, எடுக்கவே பெரும்பாடு பட்டதைக் கண்டிருக்கிறேன்.

கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாதவை: நாலு மணித்தியாலமாகப் பையில் ஒன்றும் வரவில்லை, அடிவயிறு வீங்கி நோகிறது; குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்; சலம் தக்காளிச் சாறு போலச் சிவந்து கட்டி கட்டியாக வருகிறது; டியூப் வழுகி வெளியே வந்துவிட்டது; அல்லது அப்பா திடீரென்று ஆள் தெரியாமல் பேசுகிறார். லேசான இளஞ்சிவப்பு நிறம் மட்டும் என்றால் தண்ணீர் கொடுத்துக் கவனித்தால் போதும். மேலே சொன்ன மற்ற எதற்கும் நடு இரவென்றாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டு போங்கள். டியூபின் அளவும் போட்ட திகதியும் அதில் இல்லாவிட்டால், இன்றைக்கே நிற வளையத்தைப் பார்த்து நீங்களே ஓரமாக எழுதி வையுங்கள்.